யாருடைய பாடம்?

திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டாகும். 1910-இல், சமஸ்தானம் இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது அது. பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் ஒரு பக்கம். பாறைகள் ஒரு பக்கம். முதுமக்கள் தாழிகள், நாணயங்கள், செப்புத் திருமேனிகள் எல்லாம் இன்னொரு பக்கம். பறவையைப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்தால் பாறை. இன்னும் நாலு எட்டு நடந்தால் மனிதன் தன் முன்னோரைப் புதைத்த தாழி. இடையே பூட்டிய கதவு கிடையாது.

கல்லூரியில் அப்படியில்லை. பறவை விலங்கியல் துறைக்குச் சொந்தம். தாழி வரலாற்றுத் துறைக்குச் சொந்தம். ஒரு துறையில் இருப்பவர் அடுத்த துறைக்குள் எட்டிப் பார்த்தால், அயல்வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்த மாதிரிக் கூச்சப்படுகிறார். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே நிறுத்திக்கொண்ட எனக்கு இதையெல்லாம் பேச யோக்கியதை உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். எந்தத் துறையும் என்னை முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் யோக்கியதை.

அந்த அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லவேண்டும். என் நண்பர் ஒருவர் விலங்கியல் ஆசிரியர். மாணவர்களை அங்கே அழைத்து வந்திருந்தார். கூடவே தமிழாசிரியர் ஒருவரும் வந்திருந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன். பரிணாமத்தைப் பற்றி நண்பர் நன்றாகத்தான் விளக்கினார். முடித்ததும், பின்வரிசையில் நின்ற ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"சார், வலியது பிழைக்கும்னு சொன்னீங்க. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னா அது இயற்கை. அப்போ மனுஷன் மனுஷனை மிதிக்கிறதும் இயற்கைதானே? எங்க ஊருக்குப் பக்கத்திலே நடந்ததைத் தப்புன்னு எதை வச்சு சார் சொல்றது?"

நண்பர் சற்றுத் திகைத்தார். "அது தத்துவம், தம்பி. தமிழய்யாவைக் கேள்" என்றார்.

தமிழய்யா சிரித்துக்கொண்டே, "டார்வின் சங்கதி எனக்கெதற்கு? அது உங்க சாரோட பாடம்" என்றார்.

இருவரும் நல்லவர்கள், படித்தவர்கள். ஆனாலும் கேள்வி இரண்டு துறைகளுக்கும் இடையிலே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க ஆளில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, எல்லோரும் கிளம்பிவிட்டோம்.

'பக்கத்திலே நடந்தது' என்று அந்தப் பையன் சொன்னது வேங்கைவயலை. 2022 டிசம்பரில், அந்தச் சிற்றூரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியிலே மனித மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தெரிந்தது. விசாரிக்கப் போன மாவட்ட அதிகாரிகளுக்கு, அந்த மக்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை என்பதும், தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை வழக்கம் இருப்பதும் தெரிந்தன. அதிகாரிகளே முன்னின்று அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். தொட்டியில் கலந்தவர் யார் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும்; அதில் நான் தலையிடவில்லை. என் மனத்தில் தைத்தது வேறொன்று. அந்த வழக்குக்காகப் பலரிடம் இரத்த மாதிரி எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். விஞ்ஞானம் அந்தச் சிற்றூருக்குள் வந்தது. ஆனால் போலீஸோடு வந்தது. ஒரு காரியத்தைச் செய்தவன் யார் என்று கண்டுபிடிக்க மரபணு உதவும். அந்தக் காரியம் ஏன் குற்றம் என்று மரபணு சொல்லாது. பையன் கேட்டது அதைத்தான்.

அவனுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கவேண்டும். முதலில் விலங்கியல் சொல்லவேண்டிய பாதி.

'தக்கன பிழைக்கும்' என்று நாம் சொல்லும் தொடர் முதலில் டார்வின் எழுதியதே அல்ல. 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது. டார்வின் அதைப் பிறகுதான், 1869-இல் வந்த தம் நூலின் ஐந்தாம் பதிப்பிலே எடுத்துக்கொண்டார். தக்கது என்றால் வலியது என்று அர்த்தமில்லை. இருக்கிற சூழலுக்குப் பொருந்துவது என்றே அர்த்தம். டைனசோர் வலியதுதான், கரப்பான் பூச்சி அல்லவா நம் சமையலறையில் இன்னும் ஓடுகிறது! 1871-இல் மனிதனின் தோற்றத்தைப் பற்றி எழுதியபோது டார்வினே ஒரு விஷயத்தை வற்புறுத்தினார்: ஒருவருக்கொருவர் உதவத் தயாராக இருக்கும் மனிதர்களைக் கொண்ட கூட்டம், அப்படியில்லாத கூட்டத்தை வெல்லும் என்று. இரக்கமும் பரிணாமத்தின் பிள்ளைதான். மிதிக்கிற காலைத் தந்த இயற்கையே தூக்கிவிடுகிற கையையும் தந்திருக்கிறது.

அடுத்து, சாதிக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் 'சுத்த இரத்தம்'. ஹைதராபாத் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இந்த நாட்டு மக்கள் பெரிய அளவில் கலந்தார்கள். ஏறக்குறைய எந்தக் கூட்டமும் இந்தக் கலப்புக்குத் தப்பவில்லை. தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் கட்டுப்பாடு அதற்குப் பிறகே இறுகியது என்பது அதன் சாரம். கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஜாதகக் கட்டிலே இந்தச் செய்தி இருக்காது. ஆனால் கல்லூரியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், கணக்குப் படித்தாலும் வணிகவியல் படித்தாலும், இது தெரிந்திருக்கவேண்டாமா?

இத்துடன் நின்றுவிட்டால் பெரிய ஆபத்து. 'நாமெல்லாம் கலந்தவர்கள், ஆகவே சமம்' என்று விலங்கியல் ஆசிரியர் முடித்தால், பையன் இன்னொரு கேள்வி கேட்பான்: "கலக்காமல் இருந்திருந்தால் தண்ணீரில் மலம் போடலாமா, சார்?" சமத்துவத்தைச் சோதனைக் கூடத்தின் ஆணியில் மாட்டினால், நாளைக்கு ஆணி ஆடும்போது சமத்துவமும் விழுந்துவிடும். இயற்கை எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. நாம் எப்படி இருக்கவேண்டும் என்பது வேறு கேள்வி. டார்வினுக்காக மேடைதோறும் வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியே 1893-இல் ஆக்ஸ்போர்டில் பேசியபோது, அறத்தின் முன்னேற்றம் இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதில் இல்லை, அதை எதிர்த்து நிற்பதில் இருக்கிறது என்றார். இதுதான் தமிழய்யா சொல்லவேண்டிய பாதி. அறம் என்ற சொல்லை அவரைவிட அதிகம் உச்சரிப்பவர் கல்லூரியில் யார்?

இரண்டு பாதிகளும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் சாட்சி வைத்திருக்கிறது. டார்வினின் உறவினரான கால்டன் 1883-இல், நல்ல மனிதரைப் பெருக்கிக் கெட்டவரைக் குறைக்கும் 'இனமேம்பாடு' என்று ஒரு சாஸ்திரத்துக்குப் பெயர் சூட்டினார். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது சட்டப்படி சரி என்று தீர்ப்பளித்தது. 1933-இல் ஜெர்மனி அதையே நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது. அங்கிருந்து அது எங்கே போய் முடிந்தது என்று வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இதையெல்லாம் செய்தவர்கள் படிக்காத முரடர்கள் அல்லர். டாக்டர்கள், நீதிபதிகள், பேராசிரியர்கள்.

ஆகையால் பரிணாமம் ஒரு துறையின் பாடமாக இருப்பது போதாது என்கிறேன். இது புதுமையான யோசனை அல்ல. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்லோன் வில்சன் என்ற உயிரியலாளர், எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து பரிணாமம் படிக்க வழி செய்தார். நம் நாட்டிலோ காற்று எதிர்த் திசையில் அடிக்கிறது. 2018-இல் மத்திய அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் சொன்னது தவறு என்று பேசினார். 2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு முழுக்குப் போடும் பிள்ளைக்கு அந்தச் சமாதானம் எப்படி உதவும்?

நம் புதுக்கோட்டைப் பக்கத்தில் இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கையில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ் எழுத்து இருக்கிறது. இன்று நாம் எழுதும் எழுத்து, அதிலிருந்து படிப்படியாக மாறி வந்ததுதான். கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 1856-இல். டார்வின் நூலுக்கு மூன்று வருஷம் முந்தியே, மொழிகள் ஒரு தாய் வயிற்றில் பிறந்து கிளை கிளையாகப் பிரிந்ததை அவர் எழுதிவிட்டார். தமிழய்யா ஆண்டுதோறும் பாடமாக நடத்துவது அதைத்தான். பெயர் மட்டும்தான் வேறு. வரலாற்று ஆசிரியரிடம் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்ட அந்த இடத்திலே, சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கைக்கோடரி செய்தார்கள் என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எந்தச் சாதியும் பிறப்பதற்கு முந்திய கை அது. மாதம் ஒருநாள் இந்த ஆசிரியர்கள் எல்லோரும் மாணவர்களோடு அருங்காட்சியகத்தில் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். பரீட்சையும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். கேள்வி கீழே விழாமல் பிடிக்க ஆள் இருந்தால் சரி.

'இயற்கை' என்ற சொல்லுக்குப் பயந்தவர்கள் இந்த ஊரிலேயே முன்பும் இருந்தார்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு குற்றம். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவள் என்பது இன்னொரு குற்றம். மன்னர் அனுமதித்தார், அவர் சேர்ந்து படித்தார். 1912-இல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அடையாறு புற்றுநோய் நிலையத்தையே எழுப்பினார். பெண் படிப்பது இயற்கைக்கு விரோதம் என்று அன்று உறுதியாக நம்பியவர்களும் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இயற்கை என்று அவர்கள் நினைத்தது வெறும் பழக்கத்தை.

கையைத் தூக்கிய பையனின் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன். அவன் இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். தம்பி, பெரிய மீனுக்குச் சின்ன மீனைத் தின்பதைத் தவிர வேறு வழி தெரியாது. நீ, அது தப்பா என்று கேட்டாய். கேட்கத் தெரிந்த பிராணியாக நீ வந்து நிற்பதற்குக் கோடிக்கணக்கான வருஷங்கள் ஆகியிருக்கின்றன. பதில் எந்தத் துறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. எல்லாக் கதவையும் தட்டு.