எங்கே குடியிருப்பது?

பதுளைக்கு மாற்றலாகி வந்தபோது வீடு தேடி ஒரு மாதம் அலைந்தேன். பள்ளி அண்மையில் உண்டா, கோடையிலும் கிணற்றில் நீர் நிற்குமா, அயலார் எத்தகையோர் என்றெல்லாம் துருவித் துருவி வினவினேன். பிள்ளை பெற்றவன் வினவத்தானே வேண்டும்!

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். திரும்பி வந்தபோது சிலருக்குப் பெற்றோரே இல்லை. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. “சொல்லியும் பெயர்ந்து போகவில்லையே” என்று படித்தவர் பலர் குறைகூறினர். நானும் கூறினேன்.

எங்கே போவது? லயன் காம்பரா தோட்டத்திற்குரியது, வேலையோடு கட்டுண்டது. பெயர்ந்தால் நாட்சம்பளம் போகும், பிள்ளைக் காம்பரா போகும், நடந்தெட்டும் பள்ளியும் போகும். நான் வினவிய அவ்வினாக்களைத்தாம் அவர்களும் தம்முள் வினவியிருப்பர். இன்னோர் இடம் கைவசம் இல்லாதவனைப் பார்த்து, இடந்தேரத் தெரியாதவன் என்பது எவ்வகை நீதி?

தப்பியோரிற் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ இரண்டாண்டு முடங்கிக் கிடந்தனர். பின்னரே, 2016இல், பூணாகலைப் பக்கத்தில் எழுபத்தைந்து வீடுகள் எழுந்தன. அந்த நிலம் 2005இலும் அங்கேதான் கிடந்தது.