பிரிவினையின் வேர் எங்கே?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹவுளுக்கு அருகே அமர்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத்! எங்கள் சாலையில் ஓர் ஆர்.சி. கோயில் இருக்கிறது. அதற்கடுத்து சி.எஸ்.ஐ. சர்ச். அதைத் தாண்டினால் பெந்தெகொஸ்தே சபை. மூவரும் ஈஸா நபியைப் பின்பற்றுவதாகத்தான் சொல்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை பிரிவு? நல்லவேளை, நமக்கு ஒரே வேதம், ஒரே கிப்லா. அந்தத் தொல்லை நமக்கு இல்லை" என்றார்.

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதன் கடைசியில் வந்த பெருமிதத்தில் நம்மால் பங்கு கொள்ள முடியவில்லை. அன்று சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

பைத்துல் முகத்தஸ் நகரிலே பழமையான ஒரு தேவாலயம் இருக்கிறது. ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்பட்டு அடக்கம் செய்யப்பட்ட இடம் அதுவே என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்பது நமது ஈமான். அது தனி விஷயம். அந்த ஒரே கட்டடத்தைக் கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டியர், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு பிரிவினர் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்ன தூண் இன்னாருக்கு, இன்ன படியை இன்னார்தான் கூட்ட வேண்டும் என்றெல்லாம் வரையறை உண்டு. உதுமானியச் சுல்தான் அப்துல் மஜீத் 1852-ல் பிறப்பித்த ஃபர்மானின்படி, இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும். வாசலுக்கு மேலே சன்னலடியில் ஒரு மர ஏணி நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களிலேயே அந்த ஏணி காணப்படுகிறது. எல்லோரும் சம்மதிக்காமல் அதை எடுக்க வழியில்லை. ஆகவே இன்றும் அங்கேயே நிற்கிறது! 2008-ல் ஆர்மீனியத் துறவிகளும் கிரேக்கத் துறவிகளும் அதே ஆலயத்துக்குள் கைகலந்தார்கள். அந்த ஆலயத்தின் சாவியோ பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம்.

இதைப் படித்து யாரும் சிரித்துவிட வேண்டாம். இந்த நிலைக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்ப்போம். வரலாற்றைப் புரட்டினால் நான்கு காரணங்கள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, ஆட்சியின் கை. கி.பி. 325-ல் நிகேயா நகரில் ஆயர்களைக் கூட்டியவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். ஈஸா (அலை) அவர்களின் தன்மை என்ன என்று தீர்மானிப்பதற்கே அந்தக் கூட்டம். அன்று அந்த அரசர் ஞானஸ்நானம் கூடப் பெற்றிருக்கவில்லை. 337-ல் மரணப் படுக்கையில்தான் பெற்றார். மகன், படைக்கப்பட்டவரே என்று கூறிய ஆரியூஸ் நாடு கடத்தப்பட்டார். பிறகு அரசர்களின் சாய்வு மாறியது. ஆரியூஸை எதிர்த்த அத்தனாசியூஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். கொள்கையைச் சிம்மாசனம் தாங்கினால், சிம்மாசனம் ஆடும்போது கொள்கையும் ஆடத்தானே செய்யும்! 451-ல் கால்செடோனில் கூடிய சபையின் தீர்மானத்தை எகிப்தின் காப்டியர்களில் பெரும்பாலோரும் சிரியர்களில் பலரும் ஏற்க மறுத்துத் தனி வழி கண்டார்கள். பின்னர் ஆர்மீனியரும் அதை நிராகரித்தார்கள்.

இரண்டாவது, யார் பெரியவர் என்ற போட்டி. 1054-ல் ரோமிலிருந்து சென்ற தூதர்களும் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமை ஆயரும் ஒருவரையொருவர் சபை நீக்கம் செய்தார்கள். அப்பத்தைப் புளித்த மாவில் செய்வதா, புளிக்காத மாவில் செய்வதா என்பது அன்றைய வாதங்களில் ஒன்று. வாதத்தின் அடியில் இருந்ததோ தலைமைப் பதவி. 1378 முதல் 1417 வரை மேற்கிலேயே இரண்டு போப்பாண்டவர்கள், 1409-க்குப் பின் மூன்று போப்பாண்டவர்கள்!

மூன்றாவது, நஸீஹத்தை ஏற்க மறுத்தல். 1517-ல் ஜெர்மானியப் பாதிரியார் லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 95 வாசகங்கள் எழுதினார். புதிய மதம் உண்டாக்குவது அன்று அவரது எண்ணமல்ல, சீர்திருத்தம் கேட்டார். கேட்டவரை வெளியேற்றினார்கள். பிரிவு உண்டாயிற்று.

நான்காவது, ஒன்றுபட்டதை மறந்து வேறுபட்டதைப் பிடித்துக்கொள்ளுதல். பிரிந்துபோன அந்த லூத்தரும், சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும் 1529-ல் மார்பர்க் நகரில் கூடிப் பேசினார்கள். 15 விஷயங்களில் பதினான்கில் முழுமையாக உடன்பட்டார்கள். பதினைந்தாவது, அப்பமும் திராட்சை ரசமும் பற்றியது. அதிலும் ஒரு பகுதியில்தான் பேதம். அந்தப் பேதம் ஒற்றுமையைத் தடுத்துவிட்டது. பதினான்கு சேர்க்காதா? ஒன்று பிரித்துவிடுமா? பிரித்துவிட்டதே!

பிற சமயங்களிலும் இதுதான் கதை. பௌத்தத்தில் தேரவாதம், மகாயானம். சமணத்தில் திகம்பரர், சுவேதாம்பரர். ஒவ்வொரு பிரிவும் தன் கையில் இருப்பதைக் கொண்டே மகிழ்ந்துகொண்டிருக்கும் மனித இயல்பைக் குர்ஆன் ஷரீஃப் சுட்டிக் காட்டுகிறது.

அறிவில்லாததால் பிரிந்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். அல்லாஹு தஆலா அப்படிச் சொல்லவில்லை. அறிவு வந்த பின்னரே, தமக்கிடையே உள்ள பொறாமையினால் பிரிந்தார்கள் என்ற கருத்தை ஷூரா அத்தியாயத்தின் 14-வது வசனம் தெரிவிக்கிறது. அங்கே வரும் சொல் 'பக்யு'. வரம்பு மீறுதல், பிறரைவிட உயர வேண்டும் என்ற வெறி என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆகவே, பிரிவினையின் வேர் கிதாபில் இல்லை, கல்பில் இருக்கிறது! நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். யஹூதிகள் 71 கூட்டங்களாகவும், கிறிஸ்தவர்கள் 72 கூட்டங்களாகவும், தமது உம்மத் 73 கூட்டங்களாகவும் பிரியும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக ஹதீஸ் வந்திருக்கிறது. கணக்கைக் கவனியுங்கள்! பெரிய எண் நமக்கு! இதைக் கேட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுப் பிளவை எண்ணிக்கொண்டிருப்பது எப்படி?

கஅபத்துல்லாஹ்வைச் சுற்றியே பல நூற்றாண்டுகள் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மகாம்கள் இருந்தன. தனித்தனி இமாம்கள் தொழவைத்தார்கள். 1183-ல் மக்கா வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். 1920-களில் மக்கா ஸஊதி ஆட்சியின் கீழ் வந்த பிறகே எல்லோரும் ஓர் இமாமின் பின்னே நின்றார்கள். ஒரே கிப்லாவின் முன்னே நான்கு ஜமாஅத்துகள்! பைத்துல் முகத்தஸின் ஏணியைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி?

இன்னும் அருகே வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் பயானுக்காக ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். தராவீஹ் எட்டா, இருபதா என்ற தகராறில் அந்த ஊர் இரண்டு பட்டு, ஒரே தெருவில் இரண்டு பள்ளிகள். நாம் போயிருந்த அன்று ஒரு பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். அவருடைய மூத்த மகன் ஒரு ஜமாஅத், இளைய மகன் மற்றொரு ஜமாஅத். ஜனாஸாவை எந்தப் பள்ளிக்குக் கொண்டுபோவது, எந்த இமாம் தொழவைப்பது? லுஹர் கழிந்தது, அஸரும் கழிந்தது. மையித்து வீட்டிலேயே இருந்தது. முடிவில் சந்தூக்கு ஒரு பள்ளிக்குப் போனபோது, இளைய மகன் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். தகப்பனாரின் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க அவரால் முடியவில்லை.

இரு தரப்பாரும் நம்மிடம் வந்து கேட்டார்கள். நாம் இருபது ரக்அத் தொழுகிறவர்கள். அதற்கு ஆதாரம் உண்டு என்று ஓதியவர்கள். ஆனாலும், "இது ஸுன்னத்தான தொழுகையின் எண்ணிக்கை. ஜனாஸாவோ ஃபர்ளு கிஃபாயா. ஸுன்னத்துக்காகச் சகோதரனின் ஹக்கை அழிக்காதீர்கள்!" என்று நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டியது நமது கடமையாக இருந்தது. சொன்னோமா? இல்லை. எவர் மனமும் புண்படக் கூடாது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுவிட்டோம். ஒரு தரப்பு இனி நம்மைப் பயானுக்கு அழைக்காதே என்ற பயம்தான் உண்மையான காரணம். 'பக்யு' பிரிக்கிறது என்றால், ஆலிமின் மௌனம் அந்தப் பிரிவுக்குக் கூரை போடுகிறது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

அப்படியானால் கருத்து வேற்றுமையே கூடாதா? கூடும். அஹ்ஸாப் போர் முடிந்ததும், பனூ குறைழா போய்ச் சேர்ந்தே அஸர் தொழ வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு உத்தரவிட்டார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. விரைந்து போக வேண்டும் என்பதே நோக்கம் என்று விளங்கிச் சிலர் வழியில் தொழுதார்கள். சொல்லை அப்படியே கொண்டு சிலர் பிற்படுத்தினார்கள். விஷயம் நாயகத்தின் சமூகத்துக்கு வந்தபோது, எவரையும் அவர்கள் கண்டிக்கவில்லை. இரு சாராரும் தொடர்ந்து ஒரே படையாக நின்றார்கள். இதுவே இக்திலாஃப். பாஷை பேதம் இல்லாத ஒரே தெருவில் ஸலாம் நின்றுபோவதோ பிளவு. நம் தமிழகத்தில் ஷாஃபிஈகளும் ஹனஃபீகளும் ஒருவர் பின்னே ஒருவர் நின்று தொழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழவில்லையா?

கிறிஸ்தவர்களிடமும் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1054-ன் சாபத்தை 1965-ல் போப் ஆறாம் பவுலும் தலைமை ஆயர் அத்தெனகோரஸும் நீக்கிக்கொண்டார்கள். சபைகள் இன்னும் இணையவில்லைதான். ஆயினும் கை நீண்டது. 1947-ல் சென்னையில், தனித்தனியாக இருந்த புராட்டஸ்டண்டு சபைகள் பல சேர்ந்தே தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. அந்த வாலிபர் சொன்ன சி.எஸ்.ஐ. அதுதான். பிரிந்தவர்கள் சேர முயலும் காலத்தில், சேர்ந்திருந்தவர்கள் நாம் பிரிவதா?

ஆகவே சகோதரர்களே! எதிர்ப் பள்ளிக்காரருக்கு முதலில் ஸலாம் சொல்லுங்கள். அவர் வீட்டு ஜனாஸாவில் தோள் கொடுங்கள். மஸ்அலாவில் பேதம் வந்தால் அதை உலமாக்களின் சபையில் பேசுங்கள். தேநீர்க் கடையில் பேசாதீர்கள். பேசும் முன், இந்த வாதத்தில் நாம் தோற்று ஹக்கு வென்றால் நம் மனம் மகிழுமா என்று உங்கள் கல்பைக் கேளுங்கள். மகிழாது என்று பதில் வந்தால், அங்கே இருப்பது மார்க்கப் பற்று அல்ல, 'பக்யு'!

அந்த ஊருக்கு மறுபடியும் போக நிய்யத் செய்திருக்கிறோம். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லியாக வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களிலிருந்து பொறாமையை அகற்றுவாயாக! உன் கயிற்றை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பற்றிக்கொள்ள தௌஃபீக் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.