அருகிலுள்ள இன்பம்

நாவின் சுவை வினைக்கட்டிற்குக் காரணமாகுமோ? இல்லறத்தார்க்குச் சுவையை நம் அறம் முற்றும் விலக்கவில்லை. செல்லும் எல்லைக்குத் திக்விரதமும், நுகரும் அளவிற்குப் போகோபபோக பரிமாணமும் வகுத்தது. பொழுது சாயுமுன் தோழியருடன் திண்ணையில் அமர்ந்து பாசிப்பருப்புக் கூட்டும் கீரையும் உண்கையில் நமக்குக் குறையொன்றும் தோன்றுவதில்லை.

ஆயினும், அருகிலுள்ள இன்பம் அருகிலுள்ள துன்பத்தையும் காட்டும். நம் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. அத்தொழிலால் எண்ணற்ற குடும்பங்கள் பசியாறுவதும் மெய்யே. தொலைவில் நிகழும் இம்சை கண்ணிற் படாது. அண்டை வீட்டுக் கிணற்றின் உப்போ நம் நாவிலேயே கரிக்கும். எல்லை குறுகினால் இன்பம் குறையாது, பொறுப்பு வளரும். ஆதலின், உண்ண அமருமுன் வாசலில் கழற்றிய செருப்பு எதனால் ஆனதென்று ஒருமுறை நோக்குவோம்.