கல்லறை மண்ணில் ஒரு வீடு

கல்லறைத் தோட்டமாக இருந்த மண்ணில் எழுந்த வீட்டில் குடியிருக்கலாமா? இவ்வினா எழுந்தவுடன் நம்மில் பலர் பேய், பிசாசு என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். (மனை விலையைக் குறைத்துக் கேட்க அப்பேச்சு நன்கு உதவும்!) ஆனால் திண்டுக்கல் பேகம்பூர்ப் பள்ளிவாசலில், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் இடத்தருகே நாள்தோறும் தொழுது திரும்பும் நமக்கு, அண்டை வீட்டாரின் கல்லறை மட்டும் ஏன் அச்சம் தரவேண்டும்?

மண்ணில் தீட்டு ஏதுமில்லை. பழனியை அடுத்த பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், இறந்தவருக்கென வைத்த நெல் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 490 எனக் கணித்தனர். வீட்டுக்கு வானம் தோண்டுகையில் முதுமக்கள் தாழி தட்டுப்படுவது தமிழகத்தில் புதுமையன்று. இவ்வளவு ஏன், கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசலுக்குத் தேர்ந்த தோட்டத்திலேயே இணைவைப்போரின் பழைய கபுறுகள் இருந்தன. உரியவர்களை அழைத்து விலை கேட்ட பின்னரே அவை அகற்றப்பட்டன.

விலை கேட்ட அச்செயலில்தான் நாம் நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றவரும் அதே அண்ணலார்தாம். உடல் மக்கி மண்ணான பின் அங்கே கட்டலாம் என ஹனஃபி அறிஞர் பலர் இசைவர். பொதுவுக்கென விடப்பட்ட மையவாடியில் கட்டலாகாது என்பது ஷாஃபி அறிஞர்களின் கண்டிப்பு. மாதாகோவில் கல்லறைத் தோட்டமும் ஒரு சமுதாயம் தன் இறந்தோருக்கென ஒதுக்கியதே. நம் மையவாடியை ஒருவர் மனையாக்கினால் வழக்குமன்றம் செல்லும் நாம், அவர்களுடையதை மலிவான மனை என்று மட்டும் காண்போமாயின் அதற்குப் பெயர் நியாயமன்று.

சென்னையில் 1758–59 முற்றுகையின்போது ஆங்கிலேயரின் கல்லறைகள் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாயின. பின்னர் ஆங்கிலேயரே அவற்றை அகற்றி, கற்களைக் கோட்டைக்குள் புனித மரியாள் ஆலய முற்றத்தில் பதித்தனர். அது போர்க்கால அவசரம். சிங்கப்பூரின் பிடாடரியில் நிகழ்ந்ததோ அமைதிக்காலத் திட்டம். 1972இல் மூடப்பட்ட அவ்விடத்தில், 2001 முதல் 2006 வரை ஏறத்தாழ 58,000 கிறித்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கபுறுகளும் தோண்டியெடுக்கப்பட்டன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். சிறு தீவில் உயிருள்ளோருக்கு இடம் வேண்டுமென்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. இரு சமயத்தாரையும் ஒன்றுபோல் நடத்தினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. எனினும், மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் பெற்ற இசைவை முழு இசைவென நம் உள்ளம் ஏற்கவில்லை.

அங்கே இன்று குடியிருப்பவர் குற்றவாளியா? அல்லர். அவர் எவரையும் தோண்டவில்லை. ஆயினும் நிலம் எவ்வாறு கைமாறிற்று என விசாரிப்பதும், அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதிருப்பதும் அவர் கடன். விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்தாலும் சரியே. கிணறு வெட்டும்போது எலும்பு தென்பட்டால், கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு முதலில் பங்குத் தந்தைக்கு ஆளனுப்பட்டும். கொத்தனாரின் அன்றைய கூலி வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.