திருத்துழாய்: திருநாமமும் திருத்தொண்டும்

எம்பெருமான் திருமார்பிலும் திருவடியிலும் ஒருங்கே விளங்கும் பேறு பெற்றது துளசி. வைணவப் பெருமக்கள் அதனை வாளா பெயர் சொல்லி அழையார். ‘திருத்துழாய்’ என்றே வழங்குவர். துழாய், துளவு, துளவம், துளபம் எனத் தமிழில் அதற்குப் பெயர்கள் பல. சங்கத் தொகை நூலாகிய பரிபாடலிலேயே திருமால் துழாய் சூடியவனாகக் காட்சியளிக்கிறான்.

வடமொழியில் ‘துலசீ’ என்பதற்கு ஒப்புமை இல்லாதது என்று ஆன்றோர் பொருள் உரைப்பர். கண்ணபிரானை ஒரு தட்டில் அமர்த்திச் சத்தியபாமை தன் அணிகலன் அனைத்தையும் மறுதட்டில் இட்டும் தராசு அசையவில்லை. ருக்மிணிப் பிராட்டி அன்புடன் இட்ட ஒரு துளசி இதழுக்கே அது தாழ்ந்தது என்னும் கதை இப்பொருளுக்கு விளக்கமாகும்.

மேனாட்டார் இவ்வினத்தை ‘பேசில்’ என்பர். அரசனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. அவர்கள் சமையலுக்குக் கொள்ளும் பேசில், தமிழகத்தில் திருநீற்றுப்பச்சை எனப்படுவது. சப்ஜா விதை தருவதும் அதுவே. திருத்துழாயையோ அவர்கள் ‘புனித’ என்னும் அடைமொழி சேர்த்தே அழைக்கின்றனர்.

அவர்கள் அரசப் பெயர் சூட்டினர். வைணவ நெறியிலோ திருத்துழாயின் பெருமை ஆளுவதில் இல்லை. அடிமை செய்வதில் உள்ளது. இதனை வாழ்ந்து காட்டியவர் தொண்டரடிப்பொடியாழ்வார்.

திருமண்டங்குடியில் அவதரித்த விப்ரநாராயணர், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, அரங்கனுக்கு மாலை தொடுத்துவந்தார். தேவதேவியின் மையலில் அத்தொண்டு நின்றது. கைப்பொருள் இழந்து, வாயிலுக்கு வெளியே நின்றவரை அரங்கன் கைவிடவில்லை. பொன்வட்டில் ஒன்றைக் காரணமாக்கி ஆட்கொண்டான் என்பது குருபரம்பரை வரலாறு. மீண்டவர் உயர்ந்த பெயர் எதனையும் நாடவில்லை. அடியார்களின் பாதத் தூளி என்னும் பெயரையே தாங்கினார். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலை, 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சி ஆகிய இரண்டின் நிறைவிலும் அவர் தமக்குக் கூறிக்கொண்ட அடையாளம் துளசித் தொண்டே. இடையில் தவறிய கைதான். ஆயினும் அக்கை தொடுத்த மாலையை அரங்கன் மறுக்கவில்லை.

தஞ்சைச் சாலையில் துவாக்குடி கடந்து அரங்கம் நோக்கி வரும் அடியார்களுள், ‘பொருள் இல்லை, கல்வி இல்லை, சென்ற காலமோ குற்றமுடையது’ என்று உள்ளம் குன்றுவோர் இருக்கலாம். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் அன்போடு இடுமாறு கூறுபவை இலை, மலர், கனி, நீர் என்னும் எளிய பொருள்களே. அவற்றுள்ளும் இலையே முதலாவது. வீட்டு முற்றத்தில் ஒரு மாடமும், அதற்கு நாள்தோறும் ஒரு செம்பு நீரும், பறிக்கும் கையில் பணிவும் போதும்.

அர்ச்சித்த திருத்துழாயைத் தீர்த்தத்தோடு பெறுகையில், அவ்விதழ் திருவடியில் கிடந்து வந்தது என்பதை அடியார்கள் நினைவில் கொள்வார்களாக. ஒப்பற்றது என்னும் பெயரைத் தாங்கியும் அது விரும்பிய இடம் அத்திருவடியே. அவ்விடமே எல்லாரும் அடையத்தக்க பேறாம்.