மரத்தூளுக்குள் கரி இருந்ததா?

இல்லது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஏற்க, காரியம் புதிதாகவே பிறக்கிறது என்று நையாயிகர் மறுத்தனர். ஈர மரத்தூளை நீருடன் இறுக மூடிய கலனில் இட்டு, ஏறத்தாழ 180 முதல் 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீர் கொதித்து ஆவியாகாதபடி அழுத்தத்திலேயே சில மணிநேரம் வைத்து எரிபொருளாக்கும் நீர்வெப்பக் கரியாக்கம், அதாவது 1913-இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரீட்ரிக் பெர்கியஸ் செல்லுலோசைக் கொண்டு ஆராய்ந்த முறை, அப்பழைய வழக்குக்கு நல்லதொரு சோதனைக்களம். வெளியிலிருந்து கரிமம் எதுவும் சேர்வதில்லை. மரத்தின் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் நீராகப் பிரிந்துபோக, விரலிடையே பொடியும் பழுப்புக் கரி எஞ்சுகிறது. இது சாங்கியருக்குச் சாதகமெனத் தோன்றினும், நீரில் கரைந்த சர்க்கரைகள் மீண்டும் பிணைந்து, மரத்தில் என்றுமே இராத நுண்கோளங்களாகத் திரள்வதை நையாயிகர் சுட்டக்கூடும். பொருள் பழையது, உருவம் புதிது என்று இருவரையும் சமாதானப்படுத்துவது எளிதுதான். ஆனால் எரியும் ஆற்றல் அவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்ற கேள்வி அச்சமாதானத்தில் நழுவிவிடுகிறது.