ஓய்வு யாருக்கு?

ஆகஸ்டு மாத விடுமுறையைக் கனாரித் தீவுகளில் கழிக்கலாமென்று நீர் எண்ணியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசையின்மேல் தேசப்படம் விரிந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அதற்கு மிகக் கிட்டின இடத்தில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில், அட்லாந்திக் சமுத்திரத்தில் இருக்கின்றன அத்தீவுகள். ஸ்பெயின் தேசத்துக்குச் சொந்தமானவை. எட்டுத் தீவுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 3,715 மீட்டர் உயர்ந்த தெய்தே எரிமலையைப் பார்க்க வேண்டுமானால் தெனெரீஃபே; மணல் மேடுகள் வேண்டுமானால் கிரான் கனாரியா; எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த நிலம் வேண்டுமானால் லான்சரோத்தே. எந்தத் தீவு, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்கிறீர். பாரும், குற்றமில்லை. அதனோடு இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

உல்லாசமாய் ஊர் சுற்றுவது பாவமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதற்குத் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் பதில் சொல்லியிருக்கிறார். அவர் அங்கே எடுத்துக்காட்டும் பழங்கதை ஒன்று உண்டு. அர்ச். அருளப்பர் தம் சீஷரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல் அடைந்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அருளப்பர் அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்த பிறகு, இப்படியே நிறுத்தாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துபோகுமே என்றான் அவன். மனிதன் மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். ஆகையால் ஓய்வு வேண்டும். ஆனால் அதே இடத்தில் அர்ச். தோமாஸ் சில எச்சரிக்கைகளையும் சேர்க்கிறார். அவற்றுள் முதலாவது, வெட்கக்கேடானதிலும் பிறருக்குத் தீங்கு செய்வதிலும் நம் இன்பத்தைத் தேடலாகாது என்பது.

பிறருக்குத் தீங்கா? கடற்கரையில் உட்கார்ந்திருப்பவன் யாருக்கு என்ன தீங்கு செய்கிறான் என்று கேட்பீர். மூன்றாம் கற்பனையை ஒருமுறை நினைத்துப் பாரும். சர்வேசுரன் ஓய்வு நாளைக் கட்டளையிட்டபோது வீட்டெஜமானை மாத்திரம் குறிக்கவில்லை. அவன் பிள்ளைகள், வேலைக்காரன், வேலைக்காரி, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன், ஏன், மாடும் கழுதையுங்கூட ஓய்ந்திருக்க வேண்டுமென்று விதித்தார். உபாகமத்தில் அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறது: நீயும் எஜிப்து தேசத்தில் அடிமையாயிருந்தாய், அதை மறவாதே என்பது. ஆகவே என் ஓய்வு மற்றொருவனுடைய ஓய்வைப் பறித்துத்தான் உண்டாகுமானால், அது அக்கற்பனை சொல்லும் ஓய்வாகாது.

கனாரித் தீவுகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே வந்து, பூர்வ குடிகளைப் பிடித்து அடிமைகளாக விற்றன. 1435-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நாலாம் எவுஜேனியுஸ் பாப்பானவர், பிடிக்கப்பட்டவர்களைப் பதினைந்து நாளுக்குள் விடுதலை செய்ய வேண்டும், செய்யாதவர்கள் சபைக்குப் புறம்பானவர்கள் என்று நிருபம் விடுத்தார். கேட்டவர்கள் சிலர், கேளாதவர்கள் பலர். உம்மை அந்த அடிமை வியாபாரிகளோடு ஒப்பிடுகிறோம் என்று கோபிக்க வேண்டாம். ஆனால் அவர்கள் அத்தீவுகளைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: இங்கிருந்து எனக்கு என்ன கிடைக்கும்? அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவது நமக்கும் எளிது.

இன்று அத்தீவுகளில் ஏறக்குறைய 22 லட்சம் ஜனங்கள் வாழ்கிறார்கள். 2024-ம் ஆண்டில் அங்கே சென்ற பயணிகளோ 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகம். அவ்வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி, தீவுகளுக்கு ஒரு வரம்பு உண்டு என்று சொல்லி, பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். குடியிருக்கும் வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போவதால், ஓட்டலில் வேலை செய்கிறவருக்கே ஊரில் வீடு கிடைப்பது கடினமாகிவிட்டது என்பது அவர்கள் முறைப்பாடுகளில் ஒன்று. நீர் காலையில் விட்டுப்போகும் படுக்கையை விரித்து, குளியலறையைக் கழுவி, அடுத்த அறைக்கு ஓடும் அந்தப் பெண்ணுக்கு ஆகஸ்டு மாதம் விடுமுறை மாதமல்ல. உம்முடைய ஓய்வு அவள் முதுகின்மேல் நிற்கிறது.

“நான் பணம் கொடுக்கிறேனே, நான் போகாவிட்டால் அவளுக்கு ஏது கூலி?” என்பீர். நியாயமான கேள்விதான். அத்தீவுகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயணிகளாலேயே வருகிறது. எல்லோரும் போகாமல் நின்றுவிட்டால் முதலில் பசிப்பவள் அவளே. ஆகவே போகாதேயும் என்று சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் பணம் கொடுத்தவுடன் கடமை தீர்ந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. பணம் வேலையின் விலை. வேலை செய்கிற ஆளுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதையும் இரக்கமும் அந்த ரசீதில் அடங்காது.

கூலியையும் வாடகையையும் நிர்ணயிப்பது உம்முடைய கையில் இல்லை, மெய்தான். உம்முடைய கையில் உள்ளவை சில உண்டு. குடும்பங்கள் வாழவேண்டிய வீட்டை வாடகைக்கு எடுப்பதைவிட, பயணிகளுக்கென்றே கட்டிய விடுதியில் தங்கலாம். ஐந்து தீவுகளை ஒரே வாரத்தில் ஓடிப் பார்ப்பதைவிட, ஒரே தீவில் நிலையாயிருந்து அவ்வூராரின் முகங்களை அறியலாம். தினமும் விரிப்பை மாற்றச் சொல்லாமல் இருக்கலாம்; புறப்படும் நாளில் அறையை ஒழுங்காக வைத்து, அந்தப் பெண்ணைப் பேர் கேட்டு அறிந்து, கையில் ஏதாவது கொடுத்து வரலாம். லான்சரோத்தேயில் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. குழாயைத் திறக்கும்போது அதை நினைக்கலாம். கடுங்கோடையில் காட்டுத்தீக்கு அஞ்சி மலைப்பாதைகளை அடைத்தார்களானால், திட்டம் கெட்டதே என்று சினக்கவேண்டாம். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி இரவில் தெனெரீஃபேயில் மூண்ட தீயினால் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. உமக்கு ஒரு நாள் உலாவல் போயிற்று. அவர்களுக்கு வீடே போய்விடுமோ என்ற பயம்.

ஆகஸ்டு 15 என்றதும், அது தேவமாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாள் என்பது உமக்கு ஞாபகம் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளோடு அந்தக் கடன் திருநாளையும் உம்முடைய திட்டத்தில் முதலாவதாக எழுதிக்கொள்ளும். சர்வேசுரனுக்கு நாம் விடுமுறை கொடுக்க முடியாது. அன்று தெனெரீஃபேயில் இருப்பீரானால் கந்தெலாரியா ஊருக்குப் போய்ப் பூசை காணும். தீவெங்குமிருந்து ஜனங்கள் அங்கே நடந்து வருவார்கள். கந்தெலாரியா மாதா அத்தீவுகளின் பாதுகாவலி. ஸ்பானியர் தெனெரீஃபேயைப் பிடிப்பதற்கு முன்பே, அஞ்ஞானிகளாயிருந்த இடையர் அம்மாதாவின் சுரூபத்தைக் கடற்கரையில் கண்டெடுத்து, யாரென்று அறியாமலே மரியாதையோடு வைத்துக் காத்தார்கள் என்பது அவ்வூர்ப் பாரம்பரியம். கடலோரத்தில் கிடைத்த அந்நியப் பெண்ணுக்கு அவர்கள் இடம் கொடுத்தார்கள்.

இன்றும் அக்கடல் வழியாக அந்நியர் வருகிறார்கள். 2024-ம் ஆண்டில் மாத்திரம் 46,000-க்கும் அதிகமானோர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மரப் படகுகளிலும் பிற சிறு படகுகளிலும் கனாரித் தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மிகச் சிறிய தீவுகளில் ஒன்றான எல் இயர்ரோவில் அவ்வருஷம் வந்து இறங்கினவர்கள் அத்தீவின் ஜனத்தொகையைவிட அதிகம். வழியில் மாண்டவர்களும் அநேகர். பேர் தெரியாதவர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. நீர் இளைப்பாறப் போகும் கடலும் அவர்கள் உயிருக்குப் போராடிய கடலும் ஒன்றே. உமக்கு வாசலில் வரவேற்பு. அவர்களுக்கு வாசலில் விசாரணை. மூன்றாம் கற்பனை சொல்லும், வாசலுக்குள் தங்கும் அந்நியன் யார் என்று இனி நாம் விளக்கத் தேவையில்லை.

பிரிய வாசகரே, பெட்டியைக் கட்டும் இரவில் ஒரு சிறு ஆத்தும சோதனை செய்யும். என் ஓய்வுக்காக உழைக்கப்போகிறவர்கள் யார்? அவர்கள் ஓய்வுக்காக நான் எதை விட்டுக்கொடுப்பேன்? விடை கிடைத்த பிறகு சந்தோஷமாய்ப் போய் வாரும். அந்தக் கடலைப் பார்க்கும் முதல் மாலையில், அதில் மாண்ட பேர் தெரியாத ஆத்துமங்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லும்.